சொந்த ஊர் ஆதரவாளருக்குப் பெரிய ரீம்கள் எப்பிடி நன்றி சொல்லுறவை? எங்கட கழகத்துக்கு ஐடியா வேணும்

பரந்தன்_விங்கர்:

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில நிர்வாகத்தில நிக்கிறன். பேர் சொல்லேல்ல, சொன்னா எதிர்க்கழகப் பெடியள் உடன இதுக்குள்ள வந்து போன பெனால்ரியைப் பற்றிச் சண்டை தொடங்குவாங்கள்.

விசயம் இதுதான். இந்த வருசம் எங்கட ரீம் போன இடமெல்லாம் சனம் வந்தது. ஒட்டுசுட்டான் எண்டாலும் மல்லாவி எண்டாலும் ட்ரக்டர் பெட்டியில ஏறி வந்து, லைற் போட்டு நடக்கிற மட்ச் முடியுமட்டும் நிண்டு கத்திப்போட்டு சாமத்தில வீட்ட போன ஆக்கள், அதில கனபேர் விடிய வயலுக்குப் போறவை. நாங்கள் கப் எடுக்கேல்ல, அது வேற கதை. வாற மாதம் சொந்தக் கிறவுண்டில கடைசி மட்ச் வருது, அண்டைக்கு சனத்துக்கு ஏதாவது செய்யவேணும் எண்டு பெடியள் நிக்கிறாங்கள்.

கூட்டத்தில வந்த முதல் ஐடியா பிரதம விருந்தினர் ஒராளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துறது. அது விருந்தினருக்கு நன்றி, சனத்துக்கு என்ன? ரெண்டாவது, சுவிசில இருக்கிற அண்ணை ஒராள் ரீசேட் அடிச்சுத் தாறன் எண்டுறார், ஆனா முதுகு முழுக்கத் தன்ர கடைப் பேர் வேணுமாம். காசு எங்களிட்ட பெரிசா இல்லை. காசுக்கு விளையாடுற பெரிய ரீம்கள் என்ன செய்யிறவை எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, அதில எங்களுக்கு ஏலுமானதைப் பாப்பம்.

வவுனியா_விசில்:

மச்சான் சென்னைக்காரரைப் பார். 2018 இல ரெண்டு வருசத் தடை முடிஞ்சு சூப்பர் கிங்ஸ் திரும்பி வருது, சேப்பாக்கத்தில ஒரே ஒரு மட்ச்தான், காவிரிப் போராட்டத்தோட மிச்ச ஹோம் மட்ச் எல்லாத்தையும் பூனேக்கு மாத்திப் போட்டாங்கள். ரெண்டு வருசம் காத்துக்கொண்டு இருந்த சனம் என்ன செய்யும்? ரீம் ஒரு முழு றெயினையே பிடிச்சு அதுக்கு 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' எண்டு பேரும் வச்சு கிட்டத்தட்ட ஆயிரம் பேரை சென்னையில இருந்து பூனேக்குக் கொண்டுபோனது. ரிக்கற், சாப்பாடு எல்லாம் அவையின்ர கணக்கு. அண்டைக்கு வொட்சன் 106 அடிச்சு ராஜஸ்தானை 64 ஓட்டத்தால வெண்டவை, போன சனத்துக்குப் பயணக் களைப்பே தெரிஞ்சிராது.

ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது 2023 மே 14. அந்த வருசத்துக் கடைசி லீக் மட்ச் சேப்பாக்கத்தில, கொல்கத்தாவிட்டத் தோத்தாச்சு. தோத்தாப் பிறகு தோனி முழங்காலில கட்டோட முழு ரீமையும் கூட்டிக்கொண்டு கிறவுண்டைச் சுத்தி வந்தவர், ரெனிஸ் றக்கெற்றால பந்தை அடிச்சு மேல் ஸ்ராண்டுக்கு அனுப்பினவர். கவாஸ்கர் குறுக்கால ஓடிவந்து தன்ர சேட்டில கையெழுத்து வாங்கினது அண்டைக்குத்தான். வெண்ட நாளில எவனும் சுத்துவான், தோத்த நாளில சுத்தினதுதான் விசயம். உங்கட பெடியள் கப் எடுக்காட்டிலும் சனத்துக்கு முன்னால போய் நிக்கோணும் எண்டு இதுக்குத்தான் சொல்லுறன். செலவு ஒரு சதமும் இல்லை.

நாங்கள் பாவம் என்ன. எல்பிஎல் எண்டுற லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில யாழ்ப்பாண ரீம் 2020, 2021, 2022, 2024 எண்டு நாலு தரம் கப் எடுத்தது, முதல் வருசம் ஸ்ராலியன்ஸ் எண்ட பேரில, பேந்து கிங்ஸ் எண்டு. வடக்கில ஒரு மட்சும் இல்லை, நடத்தக் கிறவுண்டும் இல்லை, மண்டைதீவில 2025 இலதான் அடிக்கல் வச்சவை. எங்கட யாழ்ப்பாணப் பெடியன் வியாஸ்காந்த் பந்து போடுறதை ரீவியில பார்த்துக் கத்தினதுதான் மிச்சம். ரீவிக்குள்ள இருந்து ஆர் வந்து எங்களுக்குக் கை காட்டுறது?

டோட்முண்டில்_ஒரு_வன்னியான்:

தம்பி, நான் இங்க வந்து கனகாலம். டோட்முண்ட் ஸ்ரேடியத்தின்ர தெற்குப் பக்கம் இருக்கே, மஞ்சள் சுவர் எண்டு சொல்லுறது, அதில மட்டும் 25,000 பேர் மட்டில நிண்டுகொண்டு பாக்கலாம், ஐரோப்பாவிலயே பெரிய நிண்டு பாக்கிற பக்கம் அதுதான். மட்ச் முடிய பிளேயர்ஸ் எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால வருவினம், சனம் கத்த அவையும் சேர்ந்து குதிப்பினம். மோசமாத் தோத்தாலும் வரத்தான் வேணும், அந்த நேரம் விசிலும் ஏச்சும் விழும், தலையைக் குனிஞ்சு நிண்டு வாங்கிப்போட்டுத்தான் போவினம்.

மற்றது, மட்ச் ரிக்கற் இருந்தா அண்டைக்கு இந்தப் பக்கத்து பஸ்ஸும் றெயினும் அதிலயே போகலாம், வேற ரிக்கற் எடுக்கத் தேவையில்லை. வீட்டில இருந்து கொண்டுவந்து திருப்பி வீட்ட விடுறது வரைக்கும் தங்கட பொறுப்பு எண்டு நினைக்கிறாங்கள் போல, எனக்கு உது ரீசேட்டை விடப் பெரிசாத் தெரியுது.

ஆனா நான் சொல்ல வந்தது பேர்லினில இருக்கிற யூனியன் கழகத்தைப் பற்றி. 2008-09 இல அவையின்ர பழைய கிறவுண்டைத் திருத்தக் காசு இல்லாமல் போக ஆதரவாளர் 2,000 இற்கு மேற்பட்ட ஆக்கள் தாங்களே வந்து சீமெந்து குழைச்சுக் கட்டினவை, சம்பளம் இல்லாமல். எங்கட சிரமதானம் மாதிரித்தான், ஆனா மாசக்கணக்கில. கழகம் அந்த வேலை செய்த ஆக்களுக்கு ஸ்ரேடியத்துக்கு வெளியால நினைவுச் சின்னம் வச்சிருக்கு, மேல ஒரு பெரிய சிவப்புத் தொப்பி, கட்டட வேலைக்குப் போடுறது.

அந்தக் கழகம் 2019 இலதான் முதன்முதலா பெரிய லீக்குக்கு வந்தது. முதல் மட்ச் லைப்சிக்கோட. ஆதரவாளர் என்ன செய்தவை தெரியுமோ, அந்த நாளைக் காணாமல் செத்துப்போன ஆதரவாளரின்ர படங்களைப் பெரிசா அடிச்சுத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. 455 படம். கடைசியா வந்து சேந்திட்டம் எண்டது கருத்து. மட்ச் 0-4 தோல்வி, ஆரும் அதைப் பற்றிக் கதைக்கேல்ல.

முள்ளியவளையான்:

அண்ணை, இங்க உதைச் செய்ய வெளிக்கிட்டா படம் தூக்கக் கை காணாது.

கச்சான்_கோப்பிரேசன்:

ஓசிப் பொருள் குடுக்கிறதில ஒரு கவனம். அமெரிக்காவில பேஸ்போல் ரீம்கள்தான் உதில விண்ணர்கள், சீசனின்ர கடைசி ஹோம் மட்சில பிளேயர்ஸ் போட்டிருக்கிற ஜேர்சியையே கழட்டி சீட்டு விழுந்த ஆக்களுக்குக் குடுக்கிறது, வீரரின்ர தலையாட்டிப் பொம்மை, தொப்பி எண்டு வாசலில குடுக்கிறது எல்லாம் உண்டு. ஆனா 1995 ஓகஸ்ட் 10 லொஸ் ஏஞ்சலிசில டொட்ஜர்ஸ்காரர் உள்ள வந்த சனத்துக்குப் பந்து குடுத்தாங்கள். 50,000 இற்கு மேல சனம். அம்பயரின்ர முடிவு பிடிக்காமல் சனம் குடுத்த பந்தையெல்லாம் திருப்பி கிறவுண்டுக்குள்ளயே எறிய, கடைசியில மட்சையே நிப்பாட்டி சென்ற் லூயிஸ் வெண்டது எண்டு அறிவிச்சுப்போட்டாங்கள். சொந்தச் சனத்துக்கு அன்பளிப்புக் குடுத்து மட்சைத் தோத்த ரீம்!

எங்கட ஆக்களின்ர கையில சோடாப் போத்தில் குடுத்தாலே லைன்ஸ்மனுக்குச் சுகமில்லை. பந்து கனவிலயும் வேண்டாம்.

மாங்குளம்_கோலி:

காசில்லாத ஐடியா ஒண்டு. அமெரிக்க புட்போலில சியாட்டில் சீஹோக்ஸ் 1984 இல 12 ஆம் நம்பரை ஆதரவாளருக்கு எண்டு ஒதுக்கிவிட்டது, அதுக்குப் பிறகு எந்தப் பிளேயருக்கும் அந்த நம்பர் இல்லை. பயேர்ன் மியூனிக்கிலயும் 12 சனத்துக்குத்தான். கிறவுண்டில 11 பேர், பன்னிரண்டாவது ஆள் சனம். ஒரு ஜேர்சி அடிச்சு 12 எண்டு போட்டு ஒவ்வொரு மட்சுக்கும் வாற கிழவர் ஒராளுக்குப் போட்டு விடுங்கோ, எல்லா ஊரிலயும் அப்பிடி ஒராள் இருப்பார்.

பரந்தன்_விங்கர்:

@மாங்குளம்_கோலி ஐடியா அந்தமாதிரி, ஆனா 12 எங்கட ரெண்டாவது கோலியின்ர, கோல் காக்கிறவன்ர, நம்பர். ஆள் கோபக்காரன். உங்கட இனம்தானே, நீங்களே ஒருக்கா வந்து கதைச்சு விடுங்கோ.

அக்கராயன்_47:

எல்லாரும் ஏன் உந்தக் கழகங்களைத் தூக்கிப் பிடிக்கிறியள் எண்டு விளங்கேல்ல. எல்லாம் வியாபாரம். கை தட்டி ஒரு றவுண்ட் சுத்தினாப்போல நன்றியோ? 2016 பெப்ரவரி 6, லிவர்பூல். அடுத்த வருசம் சில இருக்கைக்கு 77 பவுண் எண்டு அறிவிச்சவை. சனம் என்ன செய்தது எண்டால் சண்டர்லாண்டோட மட்சில சரியா 77 ஆவது நிமிசம் எழும்பி வெளிக்கிட்டுது, ஆயிரக்கணக்கில. அந்த நேரம் லிவர்பூல் 2-0 முன்னால நிக்குது, சனம் போக ரெண்டு கோல் வாங்கி 2-2. நாலைஞ்சு நாளில முதலாளிமார் மன்னிப்புக் கேட்டு விலையைப் பழையபடி விட்டவை. சனம் ஏழு நாளும் பாட்டுப் பாடி வாழ்த்தினாலும் கிடைக்காதது எழும்பிப் போனாப்பிறகுதான் கிடைச்சது. நன்றி எண்டுறது ரிக்கற் விலையில தெரியவேணும், மிச்சமெல்லாம் போட்டோவுக்கு.

டோட்முண்டில்_ஒரு_வன்னியான்:

@அக்கராயன்_47 விலைக் கதை சரி. ஜேர்மனியில அதுக்குத்தான் 50+1 எண்டு விதி, கழகத்தின்ர வாக்குப் பலத்தில பாதிக்கு மேல உறுப்பினரிட்ட இருக்கவேணும், விதிவிலக்கு ஒண்டு ரெண்டு இருக்குத்தான். முதலாளி வந்து நினைச்ச விலையைப் போடுறது அவ்வளவு லேசில்லை, நிண்டு பாக்கிற ரிக்கற் இப்பவும் மலிவு. ஆனா சுத்தி வாறதைச் சும்மா எண்டு சொல்லாதேங்கோ. மழைக்க நிண்டு பாத்த எனக்கு அது தேவைதான்.

விசுவமடு_அக்கா:

நான் கனக்கக் கதைக்கிறேல்ல இங்க, ஆனா பேஸ்போல், பயேர்ன் எல்லாம் வந்திட்டுது, எங்களைப் பற்றி ஒரு கதையும் இல்லை. தம்பி விங்கர், உங்கட கிறவுண்டுக்கு நானும் வந்தனான், எந்தக் கிறவுண்ட் எண்டும் விளங்கிட்டுது, பயப்பிடாத சொல்லமாட்டன். அங்க பொம்பிளையளுக்கு ஒரு ரொயிலெற் இல்லை. அஞ்சு மணி மட்ச் எண்டு நோட்டீஸ் அடிச்சுப்போட்டு ஏழு மணிக்குத் தொடங்குறியள், விருந்தினர் வரேல்லையாம். நாங்கள் பிள்ளையளோட வந்து குந்த இடமில்லாமல் வரம்புக் கரையில நிண்டு, ரெண்டாம் பாதி பாக்காமல் வீட்ட வாறது. பிறகு மைக்கில 'பெரும் திரளான ரசிகப் பெருமக்களே' எண்டு அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துறார்.

ரீசேட் வேண்டாம். ஒரு மறைப்பு, தண்ணி, ஒரு வாளி. கிழக்குப் பக்கம் படங்கு ஒண்டு இழுத்துக் கட்டி நாலு வாங்கில். சொன்ன நேரத்துக்கு விசில் ஊதுங்கோ, விருந்தினர் வந்தா வரட்டும், வராட்டி இடைவேளையில வரட்டும். அந்தத் தோனி சுத்தினது நல்ல விசயம், ஆனா உங்கட பெடியள் மட்ச் முடிய நேர மோட்டச்சைக்கிளில ஏறிப் போறதை நிப்பாட்டி ஒருக்கா எங்கட பக்கம் வந்து கதைச்சாலே காணும், முக்கால்வாசிப் பேர் நான் தூக்கி வளத்த பிள்ளையள்.

வவுனியா_விசில்:

அக்கா அடிச்ச அடியில ஸ்ரேடியமே அதிருது.

பரந்தன்_விங்கர்:

அக்கா சொன்னதைக் கூட்டத்தில அப்பிடியே வாசிச்சன், செயலாளர் முதலில முறைச்சார், பிறகு அவரின்ர மனுசியும் இதையேதான் சொல்லுறா எண்டு ஒத்துக்கொண்டார்.

இப்போதைக்கு முடிவு இதுதான். நாலரைக்கு விசில், ஆர் வந்தாலும் வராட்டிலும். பிரதம விருந்தினர் இல்லை, ரெண்டு பேருக்கு மனத்தாங்கல்தான், பாப்பம். சுவிஸ் அண்ணையோட கதைச்சாச்சு, ரீசேட்டுக்கு வச்ச காசை ரொயிலெற்றுக்கும் படங்குக்கும் தாறாராம், கடைப் பேரை எங்க போடுறது எண்டு கேட்டார், படங்கில போடுவம் எண்டு சமாளிச்சன், ரொயிலெற் கதவில போடவோ எண்டு பெடியள் கேக்க அவர் போனை வச்சிட்டார், பிறகு திருப்பி எடுத்தவர். ட்ரக்டர் ரெண்டு முரசுமோட்டைப் பக்கம் இருந்தும் ஒண்டு கிராமத்துக்குள்ளயும் ஓடும், டீசல் கழகம் போடும், முடிய ஏத்திக்கொண்டு போயும் விடும், உது டோட்முண்ட் அண்ணையின்ர கதையில வந்த ஐடியா. மட்ச் முடிய பத்து நிமிசத்துக்கு மோட்டச்சைக்கிள் திறப்பு எல்லாம் மனேச்சரிட்ட. வெண்டாலும் தோத்தாலும் நாலு பக்கமும் சுத்தவேணும்.

12 ஆம் நம்பர் இன்னும் பேச்சுவார்த்தையில. கோலி 22 எடுக்கச் சம்மதம், ஆனா புது ஜேர்சி வேணுமாம்.

மறைப்புக்குத் தகரம் இன்னும் காணாது, ஆரிட்டையும் பழசு இருந்தாச் சொல்லுங்கோ.

விசுவமடு_அக்கா:

வீட்டுத்திட்டம் வர முந்தி இருந்த கொட்டிலின்ர தகரம் பின்வளவில கிடக்கு, கறள்தான் ஆனா ஓட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை லான்ட்மாஸ்ரரோட ரெண்டு பெடியளை அனுப்பு, நாய் நிக்கும், படலையில நிண்டு கூப்பிடச் சொல்லு.