புதுப்பிப்பு: ஏற்காடு லேடீஸ் சீட் ஜோடிப் படங்கள், என்.டி. ஃபில்டர்தான் கைகொடுத்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஷூட் நல்லபடியாக முடிந்தது. பின்னால் தேடி வருபவர்களுக்காக விவரம் இதோ.

நான் கேட்டது: லேடீஸ் சீட் காட்சிமுனையில் சாயங்கால வெயில் ஜோடிக்குப் பின்னால் இருக்கும், கீழே சேலமும் மேலே வானமும் தெரிய வேண்டும், முகம் இருட்டக் கூடாது, லென்ஸ் எஃப்/2.8-லேயே (துளை அகலமாகத் திறந்தபடி) இருக்க வேண்டும். ஹைஸ்பீடு சிங்க்கில் (ஷட்டர் மிக வேகமாக இருக்கும்போதும் பிளாஷைப் பயன்படுத்தும் முறை) என் பிளாஷுக்குப் பலம் போதவில்லை.

"3 ஸ்டாப் என்.டி. மாட்டி ஷட்டரை 1/200-ல் வை" என்ற யோசனைதான் பலித்தது. என்.டி. என்பது லென்ஸுக்கு முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி; 3 ஸ்டாப் என்றால் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும், அதனால் எஃப்/2.8-ஐ மாற்றாமலே ஷட்டரை மெதுவாக்கலாம். ஹைஸ்பீடு சிங்க்கில் பிளாஷ் விட்டுவிட்டுத் துடிப்பதால் பெரும்பகுதி வெளிச்சம் வீணாகிறது. 1/200 நொடியில் ஒரே அடியில் முழு வெளிச்சமும் கிடைக்கிறது. ஃபில்டர் பிளாஷையும் சேர்த்துத்தான் குறைக்கும், ஆனாலும் லாபம் நமக்கே. முதலில் பிளாஷ் இல்லாமல் வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தேன், அப்புறம் முகத்துக்கு பிளாஷை ஏற்றினேன். பிளாஷுக்கு அரை சி.டி.ஓ. ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் வண்ணத் தாள்) போட்டதும் மாப்பிள்ளையின் கன்னத்து வெளிச்சம் வெயிலோடு ஒட்டிப்போனது.

எதிர்பாராதது மூடுபனி. பள்ளத்தாக்கிலிருந்து அது ஏறியதும், கேமரா பக்கம் இருந்த பிளாஷ் பனியை வெளுப்பாக்கிப் படத்தையே மறைத்தது. பிளாஷைப் பக்கவாட்டில், ஜோடிக்குக் கிட்டே கொண்டுபோய் கிரிட் (வெளிச்சம் பரவாமல் தடுக்கும் வலை) மாட்டியதும் சரியானது. அவர்களுக்குப் பின்னால் வைத்தபோதோ பனியே ஒளிர்ந்தது. பெண்ணின் மல்லிகைச் சரத்தில் ஒவ்வொரு பூவின் ஓரமும் தனியாகத் தெரிந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

காற்று பலமாக அடிக்கும். ஸ்டாண்டைப் பிடிக்க ஓர் ஆளைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.