"சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் சேர்"

மாதக்கடைசி:
கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். கோட்டைப் பக்கம் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம். 43 பேருடைய சம்பளப் பட்டியல் என் பொறுப்பு. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) ஊழியரிடம் 8 வீதம், கம்பனி 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனாலும் எக்செல் கூட்டிய தொகையைக் கல்குலேட்டரில் திரும்பக் கூட்டுவேன். அப்புறம் பக்கத்து மேசைத் தம்பியிடம் நீட்டி, "ஒருக்காப் பாருங்கோவன்" என்பேன். அவர் சரி என்பார். பத்து நிமிடம் நிம்மதி.

போன மாதம் சேர் வந்து, தொகை சரிதானே, வங்கிக்கு அனுப்பலாமா என்று கேட்டார். மூன்று தரம் பார்த்த தொகை. என் வாயில் வந்ததோ தலைப்பில் போட்டிருக்கும் வசனம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டித் தம்பியைப் பார்த்தார். தம்பி, "ஹரி சேர்" (சரி சேர்) என்றார். அவ்வளவுதான், பட்டியல் போய்விட்டது. அந்தத் தம்பிக்கு வேலை பழக்கியதே நான்.

அம்மா இதை அடக்கம் என்கிறார். நானும் இவ்வளவு நாள் அப்படி நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன் (எழுதவே வெட்கமாக இருக்கிறது). இப்போது யோசித்தால், பிழை வந்தால் தனியாக மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் இன்னொருவரையும் இழுத்து வைக்கிறேன். போன வாரம் தம்பியும் தன் வவுச்சர்களை இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து தொற்றியதோ என்று நெஞ்சு திக்கென்றது.

இதை எப்படி விடுவது? "தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல மாமிமார் போதும்.

பழைய கணக்குப்பிள்ளை:
பிள்ளை, நான் புறக்கோட்டையில் கையால் பேரேடு எழுதிய ஆள். பரீட்சை மீதி (வரவும் செலவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்போம். மிச்சமில்லாமல் வகுபட்டால், 540ஐ 450 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இல்லாவிட்டால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுவோம், வரவில் விழவேண்டியது செலவில் விழுந்திருக்கும். எங்கள் சந்தேகத்துக்குப் போக ஒரு இடம் இருந்தது. உங்களுடையது மேசையையே சுற்றுகிறது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டுங்கள். ஒத்துவந்தால் ஓரத்தில் சிவப்புப் பேனையால் கையொப்பம். அதற்குப் பிறகு அந்தத் தாளைத் தொட்டால் எங்கள் முதலாளி அடிமட்டத்தால் கையில் போடுவார், பகிடி இல்லை.

வெள்ளவத்தை ஜன்னல்:
இதற்கு இம்போஸ்டர் என்று ஒரு பெயர் உண்டு. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். நன்றாகச் சாதித்த பெண்களே அதைத் தங்கள் கெட்டித்தனம் என்று நம்பாமல், ஊரை ஏமாற்றுகிறோம் என்று பயப்படுவதைத்தான். படித்துவிட்டு அழுதேன். பிறகு இரண்டு வருடம் அந்தப் பெயரையே சாட்டாக வைத்துக்கொண்டு கூட்டங்களில் வாய் திறக்கவில்லை, அதுவும் நடந்தது. மற்றது, திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்தவே முடியாமல் தூக்கம், சாப்பாடு கெட்டால் 1926க்கு எடுத்துக் கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

155 பஸ்:
எல்லாவற்றையும் அக்காவின் தலையில் போடவேண்டாம். சேர் கேட்டது எந்த மொழியில்? தமிழில் கேட்டால் "ஓம், சரி" என்று முடிப்பேன். சிங்களத்தில் கேட்டால் எனக்கும் வசனம் நீளும்.

மாதக்கடைசி:
தம்பி, சிங்களத்தில்தான். ஆனால் வீட்டில் அம்மா "உப்புக் காணுமா" என்று கேட்டாலும், இரண்டாம் தரம் வாயில் விட்டுப் பார்த்துவிட்டு "காணும் போல" என்கிறேன். மொழியைச் சாட்ட முடியாது.

ஐயா, சிவப்புப் பேனை வாங்கினேன். இந்த மாதப் பட்டியலைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒத்துவந்தது, கையொப்பம் வைத்தேன். சேர் கேட்டபோது "ஹரி சேர்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலை நிமிரக்கூட இல்லை.

பின்னேரம் லிஃப்டில் இறங்கும்போது 17ஆம் வரி ஞாபகம் வந்தது. திரும்ப மேலே போகப் பொத்தானில் விரல் வைத்துவிட்டேன். பின்னால் நின்றவர், "மிஸ், இறங்குறீங்களா இல்லையா?" என்றார். இறங்கிவிட்டேன்.