காலையில் மட்டும் மெயில் திறக்க மறுக்கிறது, ஏன்?

கேள்வி: பழைய டெஸ்க்டாப். ஒரு வாரமாகக் காலையில் ஆன் செய்தால் மெயில் திறப்பதில்லை, இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று பிரவுசர் முழுத்திரை எச்சரிக்கை காட்டுகிறது, ஆனால் அதே வைஃபையில் மொபைலில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. வைரஸ் ஸ்கேன் செய்தாயிற்று, பாஸ்வேர்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: ஹேக் எல்லாம் இருக்காது. திரையின் கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

கேட்டவர்: அட, 2015 ஜனவரி 1! இதைக் கவனிக்கவே இல்லையே.

பதில்: அப்படியென்றால் அதுதான் கோளாறு. ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு, உங்கள் கம்ப்யூட்டர் 2015-இல் நின்றுகொண்டு பார்ப்பதால் அதற்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோயிருக்கும், அதனால்தான் இரவில் மின்சாரத்தை நிறுத்தினால் காலையில் தேதி பழையதற்குப் போய்விடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் எம்பி வரும். புதியதைப் போடும்போது கூட்டல் குறி மேலே இருக்கட்டும், அப்புறம் தேதியைச் சரிசெய்யுங்கள்.

இன்னொருவர்: பேட்டரி வாங்கும்வரை தினமும் தேதியைக் கையால் மாற்றினாலே போதும். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள்.

கேட்டவர்: தேதியை மாற்றியதும் மெயில் வந்துவிட்டது. பாஸ்வேர்டை வீணாக மாற்றி, இப்போது அதுவும் மறந்துவிட்டது!