வயலஜன் கரைசலில் ஹைட்ரஜன் வருவது பாதியில் நின்றுவிடுகிறது

வணக்கம். ஒளியால் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கரைசல் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

கலவை: ஒளியை உறிஞ்சும் ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் குளோரைடு 50 மைக்ரோமோலார், எலக்ட்ரானைக் கடத்தும் மெத்தில் வயலஜன் 2 மில்லிமோலார், எலக்ட்ரான் தரும் ஈடிடிஏ 20 மில்லிமோலார், பிஹெச் 5 அசிட்டேட் பஃபர், வினையூக்கியாக பிவிபி (பாலிமர்) பூசிய கூழ்ம பிளாட்டினம். 450 நானோமீட்டர் எல்இடி. ஆக்சிஜனை வெளியேற்ற அரை மணி ஆர்கான் ஓட்டிய பிறகே விளக்கைப் போடுகிறேன்.

பிளாட்டினம் இல்லாமல் ஒளி பட்டால் சில நிமிடங்களில் கரைசல் அடர் நீலமாகிறது, எலக்ட்ரான் பெற்ற வயலஜனின் 605 நானோமீட்டர் உறிஞ்சல் உச்சம் தெளிவாக ஏறுகிறது. ஆக எலக்ட்ரான் வயலஜனுக்குப் போவதில் கோளாறில்லை. பிளாட்டினம் சேர்த்தால் முதலில் ஜிசியில் (வாயு நிறப்பகுப்பியில்) நல்ல ஹைட்ரஜன் உச்சம், பிறகு படிப்படியாகத் தேய்கிறது.

நின்றபின் பார்த்தவை: ருத்தேனியத்தின் 452 நானோமீட்டர் உறிஞ்சல் பட்டை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, அது சிதையவில்லை. புது ஈடிடிஏ ஊற்றியும் மாற்றமில்லை. மறுபடி ஆர்கான் ஓட்டியும் பயனில்லை. புது வயலஜன் விட்டதும் உடனே உயிர் பெறுகிறது! ஐம்பது மடங்கு நீர்த்து அளந்தால், வயலஜனுக்குரிய 257 நானோமீட்டரில் தொடக்கத்தில் 0.8 இருந்த உறிஞ்சல் 0.3-க்கும் கீழே. பிளாட்டினத்தின் மேல் வயலஜன் வளையமே ஹைட்ரஜனேற்றம் ஆகிறது என்பதே என் கணிப்பு. பிளாட்டினத்தைப் பாதியாக்கினால் தேய்வு தள்ளிப்போகிறது, வேகமும் விழுந்துவிடுகிறது.

வேகத்தை இழக்காமல் இந்த ஹைட்ரஜனேற்றத்தைத் தடுக்க, வயலஜனை மாற்றுவதா, வினையூக்கியை மாற்றுவதா, எது உங்கள் கையில் பலித்தது?