இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டை "முழுத் திறமூலம்" ஆகுமா?

செந்தூரன்: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மேசைக்கணினிக்கு எந்த வைஃபை அட்டை வாங்கலாம் என்று கேட்டவருக்கு, "இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள், அது முழுத் திறமூலம்", அதாவது நிரல் முழுவதும் எல்லோரும் வாசித்துத் திருத்தும்படி திறந்தது, என்று தண்டபாணி பதில் எழுதியிருப்பதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. அட்டையை இயக்கும் நிரலான டிரைவர், லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ஒரு ஃபர்ம்வேர் கோப்பை (அட்டையின் சில்லுக்குள் ஓடும் நிரலை) ஏற்றினால்தான் அந்த அட்டை வேலை செய்யும். அந்தக் கோப்பின் மூலநிரல் எங்கே?

தண்டபாணி: கெர்னல் 5.10 முதல் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுகிற அட்டை அது. 2022இல் டெபியன் உறுப்பினர்களே வாக்களித்து, 2023இல் வந்த டெபியன் 12ஐக் கணினியில் பதியும் நிறுவி நிரலிலேயே ஃபர்ம்வேர் கோப்புகளைச் சேர்த்துவிட்டார்கள். டெபியனே ஏற்றுக்கொண்டதை ஏற்க உங்களுக்கு மட்டும் ஏன் மனம் வரவில்லை?

செந்தூரன்: சேர்த்த பிரிவின் பெயரிலேயே "கட்டற்றது அல்ல" என்று டெபியன் எழுதி வைத்திருக்கிறதே, அதை வாசித்தீர்களா? ஏதெரோஸ் நிறுவனச் சில்லுகளுக்கான ஏடிஎச்9கே டிரைவரைப் பாருங்கள். 2008இல் கெர்னல் 2.6.27இல் சேர்ந்தது, ஏஆர்9380 போன்ற சில்லுகளுக்கு எந்தக் கோப்பும் ஏற்ற வேண்டியதில்லை. அந்தச் சில்லுடன் வந்த டிபி-லிங்க் டபிள்யூடிஎன்4800 நேராகப் பிசிஐஇ துளையில் பொருந்தும். மறுபடியும் கேட்கிறேன், உங்கள் கோப்பின் மூலநிரல் எங்கே?

தண்டபாணி: 450 மெகாபிட் தரும் பழைய அட்டையை, 2.4 ஜிகாபிட் வரை போகும் அட்டைக்குப் பதிலாகப் பரிந்துரைப்பது புதிதாக வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். உங்கள் வன்தட்டுக்குள்ளும் மூடிய ஃபர்ம்வேர்தான் ஓடுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டீர்களா?

ஆழிமகள்: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஏஎக்ஸ்211 என்று தவறி வாங்கினால், அது இன்டெல் செயலியைச் சார்ந்தே இயங்கும் சிஎன்விஐ வகை என்பதால் ஏஎம்டி மதர்போர்டில் வேலையே செய்யாது. ஏஎக்ஸ்210 பிசிஐஇ அட்டையிலும், யுஎஸ்பி வயரை மதர்போர்டின் 9 பின் இணைப்பில் செருகாவிட்டால் புளூடூத் வராது. ஹாட்ஸ்பாட் வேண்டுமென்றால் மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி7922 அட்டைதான் பொருத்தம். இன்டெல் அட்டை 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க விடுவதில்லை.

தண்டபாணி: ஹாட்ஸ்பாட் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? ரியல்டெக் அட்டைகள் பற்றிய முந்தைய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் மீடியாடெக்கைக் கொண்டுவந்து நுழைத்தீர்கள்.

ஆழிமகள்: அன்று நான் சொன்னதற்கு நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூரன்: உங்கள் பழைய பகை கிடக்கட்டும். எம்டி7922க்கும் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், ஆகவே அதுவும் என் கேள்விக்கு விடை ஆகாது. ஆனால் ஆழிமகள் தம்மை அறியாமலே என் வாதத்துக்குச் சான்று கொடுத்துவிட்டார். 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் ஏன் தொடங்கவில்லை? எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைத் தானே ஊகித்து அலைவரிசைகளைப் பூட்டும் எல்ஏஆர் என்ற ஏற்பாடு அந்த மூடிய ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. அதை நிறுத்த டிரைவரில் முன்பு இருந்த அமைப்புத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். மூலநிரல் நம் கையில் இருந்திருந்தால் இதைத் திருத்தியிருப்போம். வன்தட்டைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். சில்லுக்குள் பதிந்து வருவது வேறு, ஒவ்வொரு தொடக்கத்திலும் நம் இயங்குதளமே எடுத்துக் கொடுக்கும் கோப்பு வேறு.

தண்டபாணி: ஏடிஎச்9கே அட்டைகளிலும் நாட்டுக் குறியீடு ஈஈபிராம் என்ற நினைவகச் சில்லில் எழுதப்பட்டுத்தான் வருகிறது, அதுவும் அலைவரிசையைக் கட்டுப்படுத்தத்தான் செய்கிறது. அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

செந்தூரன்: மறைக்கவில்லை. அந்தக் குறியீட்டைப் படித்து முடிவெடுக்கும் நிரல் கெர்னலில் எல்லோரும் வாசிக்கும்படி இருக்கிறது. யுஎஸ்பி அட்டைகளில் வரும் ஏஆர்9271க்குக்கூட 2013இலேயே ஃபர்ம்வேரின் மூலநிரலை வெளியிட்டுவிட்டார்கள். நீங்கள் பரிந்துரைத்த அட்டைக்கு அப்படி ஒன்றைக் காட்டுங்கள்.

தண்டபாணி: கடையில் புதிதாகக் கிடைக்கும் ஏடிஎச்9கே பிசிஐஇ அட்டை ஒன்றை முதலில் நீங்கள் காட்டுங்கள்.