மாடியில் வைஃபை ரவுட்டரைச் சேர்த்ததும் வீடு முழுவதும் இணையம் நிற்கிறது – உதவி தேவை

கொசப்பேட்டைவாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் எல்லா அறைகளுக்கும் சுவருக்குள்ளேயே கேபிள் இழுத்திருக்கிறோம். கீழ்த்தள ரவுட்டரில் வைஃபை இல்லாததால், புதிதாக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி மாடி அறைக் கேபிளில் செருகினேன். கைப்பேசியில் சிக்னல் முழுமையாகக் காட்டினாலும் இணையம் வரவில்லை. சிறிது நேரத்தில் கீழே அப்பாவின் கணினியிலும் நின்றுவிடுகிறது. தங்கைக்கு நாளை இணையவழித் தேர்வு இருப்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி:
கேபிளைப் புதிய ரவுட்டரில் எங்கே செருகினீர்கள்? இணையத்துக்கென்று தனியாக உள்ள 'வான்' போர்ட்டிலா, வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான 'லேன்' போர்ட்டுகளில் ஒன்றிலா? இரண்டு ரவுட்டர்களின் முகவரிகளையும் எழுதுங்கள்.

ஆற்காட்டான்:
மாடி அறைக்குத் தகரக் கூரையா? வேலூர்க் கத்திரி வெயிலில் அப்படிப்பட்ட அறையில் வைத்த என் ரவுட்டர் மதிய வேளையில் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றியபின் சரியாயிற்று.

காட்பாடி:
எனக்குக் கேபிளின் முனைமீதுதான் சந்தேகம். எட்டு இழைகளில் நான்கை மட்டும் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான்கு இழைகளில் 100 மெகாபிட் வரைதான் கிடைக்கும். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும்.

கொசப்பேட்டைவாசி:
லேன் போர்ட்டில்தான் செருகினேன். இரண்டு ரவுட்டர்களின் அடியிலும் 192.168.1.1 என்றே அச்சிட்டிருக்கிறது. கூரை கான்கிரீட்தான்.

மூத்த உறுப்பினர்:
வெயிலும் கேபிள் முனையும் மாடியைத்தான் பாதிக்கும். கீழே உள்ள கணினி ஏன் நிற்கிறது என்று எவரும் யோசிக்கவில்லை. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவர்களும் அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. ஒரே பிணையத்தில் இரண்டு ரவுட்டர்கள் ஒரே முகவரியில் நிற்கின்றன, இரண்டும் டி.எச்.சி.பி. வழியாகக் கருவிகளுக்கு முகவரி வழங்குகின்றன. கணினி இணையத்தைத் தேடி 192.168.1.1-ஐ அழைக்கும்போது, இணைய இணைப்பே இல்லாத மாடி ரவுட்டர் பதில் கொடுத்துவிடுகிறது. அதைக் கேபிளிலிருந்து கழற்றி, ஒரு கணினியுடன் மட்டும் இணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, அதே லேன் போர்ட்டில் மீண்டும் செருகுங்கள்.

ராணிப்பேட்டை:
தேர்வு நாளை என்கிறார், ஐயா. கேபிளை வான் போர்ட்டுக்கு மாற்றி, ரவுட்டரின் முகவரியை 192.168.2.1 என்று வைத்தால் போதும், டி.எச்.சி.பி.யைத் தொடவே வேண்டாம்.

சத்துவாச்சாரி:
இணையம் வரும், மறுக்கவில்லை. ஆனால் மாடி தனிப் பிணையமாகப் பிரிந்துவிடும். கீழே பிரிண்டர் இருந்தால் மாடிக் கைப்பேசியின் தேடலில் அது தென்படாது. வீடு முழுக்கக் கேபிள் இழுத்தவருக்கு ஒரே பிணையம்தான் பயன்படும்.

ராணிப்பேட்டை:
பிரிண்டர் இருப்பதாக அவர் எங்கும் சொல்லவில்லையே. மேலும், இரண்டு ரவுட்டர்களும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்பும் இந்த இரட்டை முகவரி மாற்றத்தால் சாதாரணமாக இணையம் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

மூத்த உறுப்பினர்:
வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முயலும்போது அந்தக் குறை தெரியும். எத்தனை முறை விளக்கினாலும் இந்த வாதம் இங்கே திரும்பத் திரும்ப வருகிறது.

ராணிப்பேட்டை:
கேமராவும் அவர் கேட்கவில்லை. நாளைய தேர்வுக்குத்தான் நான் வழி சொன்னேன்.

கொசப்பேட்டைவாசி:
192.168.1.2 வைத்து டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன். மாடியிலும் கீழேயும் இணையம் வருகிறது. பிரிண்டரும் கைப்பேசியில் தெரிகிறது. அனைவருக்கும் நன்றி.

காட்பாடி:
மகிழ்ச்சி. மாடியில் வேகம் 100-ஐத் தாண்டுகிறதா? உங்கள் திட்டம் அதைவிட அதிகமாக இருந்தும் தாண்டவில்லையென்றால், கேபிள் முனையைப் பிரித்து இழைகளை எண்ணிப் பாருங்கள்.