மாஸ்டர் ஸ்வோர்ட் எடுக்க 13 ஹார்ட் வேணுமாம்: ஸ்டாமினாவை மாத்தலாமா, பொறுக்கலாமா?

மூடுபனி_கோத்தகிரி:

வணக்கங்க. ஜெல்டா, ப்ரெத் ஆஃப் த வைல்ட். ஸ்விட்ச், நார்மல் மோட். 36 ஷ்ரைன் (புதிர்க் கோயில்) முடிஞ்சது. டிவைன் பீஸ்ட்ங்கிற ராட்சத இயந்திர மிருகங்கள்ல வா ரூட்டா, வா மெடோ ரெண்டையும் அடக்கியாச்சு. இப்போ 9 ஹார்ட், ஸ்டாமினா சரியா ரெண்டு வட்டம். கையில் ஆர்ப் (ஷ்ரைனுக்கு ஒண்ணு கிடைக்கும், நாலு சேர்ந்தா ஒரு ஹார்ட் இல்லை ஒரு ஸ்டாமினா) மிச்சமில்லை.

வாளுக்கு 13 ஹார்ட் வேணும்னு சொல்றாங்க. மீதி நாலுக்கும் ஷ்ரைன் தேடித்தான் ஆகணுமா, இல்லை ஏத்தி வெச்ச ஸ்டாமினாவை ஹார்ட்டா மாத்த வழி இருக்கா? மாத்தினா திரும்ப வருமா? அப்புறம், வாள் இருக்கிற கொரோக் காட்டுக்குப் போற வழியான லாஸ்ட் வுட்ஸ் வாசல்லேயே புகை சூழ்ந்து வெளியே தள்ளுது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. முக்கியமா, இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற அளவுக்கு அந்த வாள் பிரயோஜனமா?

தொட்டபெட்டா2637:

மாத்தலாம், திரும்பவும் வரும். ஹடேனோ கிராமத்துக்குள்ளேயே ஒரு கொம்புச் சிலை இருக்கு. முதல் தடவை பேசினதுமே கேட்காம உங்ககிட்ட இருந்து ஒண்ணைப் பிடுங்கிக்கும், பயந்து ரீலோட் பண்ண வேண்டாம். அதுதான் அந்தக் குவெஸ்ட். ஹார்ட்டா ஸ்டாமினாவான்னு கேட்டு அதுவே ஒண்ணைத் திருப்பித் தந்துடும். அதுக்கப்புறம் கடை திறந்த மாதிரிதான்: ஒரு ஸ்டாமினாவைக் கொடுத்தா 100 ரூப்பி (கேம் காசு) தரும், ஒரு ஹார்ட் வாங்க 120 ரூப்பி கேட்கும். ஒரு மாத்தத்துக்கு 20 ரூப்பி நஷ்டம், அவ்வளவுதான். உங்களுக்கு நாலு மாத்தம், 80 ரூப்பி. வாளை எடுத்த பிறகு பழையபடி ஆக்க இன்னொரு 80. கையில் 200 ரூப்பி இருந்தா தாராளம்.

ஆனா வரிசையைத் தப்பா பண்ணாதீங்க. நாலு ஸ்டாமினாவைக் கொடுத்துட்டா உங்ககிட்ட மிச்சம் ஒரு வட்டமும் அஞ்சில் ஒரு பங்கும்தான். அதை வெச்சுக்கிட்டு ஹைரூல் முழுக்க ஏறி இறங்கினா எரிச்சல்தான் மிஞ்சும். அதனால மாத்துறதுக்கு முன்னாடியே, இப்போ இருக்கிற ரெண்டு வட்டத்தோட கொரோக் காட்டுக்குப் போய், அங்கே இருக்கிற கியோ ரூக் ஷ்ரைன் வாசல்ல ஷீக்கா ஸ்லேட்டை (ஹீரோ கையில் இருக்கிற டேப்லெட்) வெச்சு டிராவல் கேட்டைத் திறந்துடுங்க. உள்ளே புதிரை அப்புறம் பார்த்துக்கலாம். பிறகு ஹடேனோவுக்கு டெலிபோர்ட், மாத்தம், கியோ ரூக்குக்கு டெலிபோர்ட், வாளை எடு, மறுபடி ஹடேனோ. நடக்கிற தூரம்னு பெருசா ஒண்ணும் இருக்காது.

சிலைகிட்டப் போக மனசில்லைன்னா கணக்கு இப்படி: மீதி ரெண்டு டிவைன் பீஸ்ட்டுக்கும் ஆளுக்கொரு ஹார்ட், ஆக 11. இன்னும் ரெண்டுக்கு 8 ஷ்ரைன். பீஸ்ட்டே வேண்டாம்னா நாலு ஹார்ட்டுக்கும் சேர்த்து 16 ஷ்ரைன்.

குன்னூர்_ரயில்:

இதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும் ப்ரோ? ஹார்ட்டி டூரியன் அஞ்சு போட்டுச் சமைச்சா 20 மஞ்சள் ஹார்ட் கூடுதலா வருது. தின்னுட்டுப் போய் இழுத்துட வேண்டியதுதானே.

தொட்டபெட்டா2637:

செல்லாதுங்க. மஞ்சள் ஹார்ட் அந்தச் சோதனையில் கணக்குல வராது. சிவப்பு ஹார்ட் 13 இருக்கணும். ஏ பட்டனைப் பிடிச்சு இழுக்க இழுக்க ஹார்ட் ஒவ்வொண்ணா கரையும். போதலைன்னா முதல் தடவை வாளைக் காக்கிற பேசும் மரமான டெக்கு மரமே எச்சரிச்சு நிறுத்திடும். அதையும் மீறிப் பிடிச்சுத் தொங்கினா கேம் ஓவர். 13 இருந்தா உசிர் நூலிழையில் தொங்கும்போது வாள் கையோட வந்துடும். பாதியில் விடாம இருக்கிறதுதான் அதுக்கு வேண்டிய திறமை.

கூடலூர்க்காரி:

லாஸ்ட் வுட்ஸ் வழிக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் சொல்றேன்.

அந்தப் புகை சும்மா அழகுக்கு இல்லை, அதுதான் சுவர். கோடநாடு ரோட்டுல மஞ்சு இறங்குறப்போ முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்கைப் பிடிச்சுக்கிட்டே போவோமே, அதே வேலைதான் இங்கேயும். வளைவு மாதிரி இருக்கிற வாசல்ல இருந்து எரியுற தீவட்டிகள் தெரியும். ஒரு தீவட்டிகிட்டப் போய் நின்னு, அங்கிருந்து அடுத்தது எங்கே எரியுதுன்னு பார்த்து அதை நோக்கி மட்டும் நடங்க. குறுக்கே வெட்டினா அங்கேயே புகை மூடி வாசல்ல கொண்டுவந்து விட்டுடும்.

கொஞ்ச தூரத்துல ரெண்டு தீவட்டி ஜோடியா நிக்கும். அதுக்கு மேல வழிகாட்டுற விளக்கு கிடையாது. முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான். அங்கேயே ஒரு டார்ச் கிடக்கும், எடுத்து அந்த நெருப்புல பத்த வெச்சுக்கோங்க. இனிமே உங்க கையில இருக்கிற தீப்பொறிதான் வழி. பொறி எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கம் போகணும். காத்து திசை மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஓடாதீங்க. பத்தடி நடந்து நில்லுங்க, பொறியைப் பாருங்க, திரும்புங்க, மறுபடி நடங்க. புகை ஓரத்துல கெட்டியாகி திரை வெளுக்க ஆரம்பிச்சா உடனே வந்த வழியே ரெண்டு எட்டு பின்னால வெச்சா தப்பிச்சுடலாம். டார்ச்சை ஆயுதமா வீசாதீங்க, அது மரக்கட்டை, சீக்கிரம் உடைஞ்சுடும்.

மேலே இருந்து பாராகிளைடர்ல இறங்கலாம்னு தோணும். வேண்டாம், அங்கேயும் அதே புகைதான்.

லவ்டேல்_லிங்க்:

கடைசிக் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு வாளை நம்பி எதையும் திட்டமிடாதீங்க.

எடுத்த உடனே அதோட தாக்கு சக்தி 30தான். இந்த நிலைக்கு வந்தவங்க பையில அதைவிடப் பெரிய ஆயுதம் ரெண்டு மூணாவது இருக்கும். நிரந்தரமா உடையாதுங்கிறது உண்மை, ஆனா சக்தி தீர்ந்துடும். தீர்ந்தா 10 நிமிஷம் கையில் எடுக்க முடியாது. சாதாரண நிலையில் அதோட ஆயுள் 40 அடி. ஒரு ஹைனாக்ஸ், ரெண்டு மோப்ளின்னு மூச்சா அடிச்சா போயிடும். உடையாத வாள் கிடைச்சாச்சுன்னு மரம் வெட்டவும் பாறை உடைக்கவும் அதையே எடுக்கிறவங்க நிறைய. கார்டியன் (லேசர் வீசுற பழங்கால இயந்திரம்) எதிர்ல வந்து நிக்கிறப்போ பார்த்தா வாள் ஓய்வுல இருக்கும். முழு ஹார்ட் இருக்கும்போது ஆர் பட்டன்ல வீசுற ஒளிக்கீற்றும் அந்த ஆயுள்ல இருந்துதான் கழியுது, இலவசம் இல்லை.

அது ஜொலிக்கிற இடம் வேற. கார்டியன், கடைசி வில்லன் கேனன் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் பக்கத்துல போனதும் வாள் நீலமா ஒளிரும், சக்தி 60 ஆகும், ஆயுளும் 188 ஆகும். ஹைரூல் கோட்டைக்குள்ள நுழையும்போது அதுக்கு ஈடு கிடையாது. உறையிலேயே வெச்சிருந்து அங்கே மட்டும் எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

எப்பவும் 60ஆ வேணும்னா டிஎல்சியில (தனியா காசு கொடுத்து வாங்குற கூடுதல் பகுதி) வர்ற ட்ரையல் ஆஃப் த ஸ்வோர்ட் முடிக்கணும். மூணு பகுதி: 12 தளம், 16 தளம், 23 தளம். ஒவ்வொரு பகுதி முடிய 10 ஏறும்: 40, 50, கடைசியில 60. மூணும் முடிஞ்சா வாள் நிரந்தரமா ஒளிர்ந்துக்கிட்டே இருக்கும். உள்ளே போகும்போது ஆயுதம், கவசம், சாப்பாடு எல்லாத்தையும் உருவிட்டுத்தான் விடுவாங்க. ஆனா வயித்துல இருக்கிறதை உருவ மாட்டாங்க! வாளைப் பீடத்துல வைக்கிறதுக்கு முன்னாடி நாலு மைட்டி பனானாவோட டிராகன் கொம்புத் துண்டு ஒண்ணைச் சேர்த்துச் சமைச்சுச் சாப்பிடுங்க: மூணாம் நிலை தாக்கு சக்தி, அதாவது ஒண்ணரை மடங்கு, முழுசா 30 நிமிஷத்துக்கு. கொம்பு இல்லாம வெறும் பழம் அஞ்சு போட்டா அதே சக்தி நாலு நிமிஷத்துலேயே போயிடும். குன்னூர்_ரயில் சொன்ன டூரியன் இங்கேதான் உதவும். மஞ்சள் ஹார்ட்டும் தாக்கு சக்தியும் ஒண்ணையொண்ணு அழிக்காது, ரெண்டையும் சாப்பிட்டுட்டுப் போகலாம்.

உள்ளே சேவ் கிடையாது. செத்தா அந்தப் பகுதியோட முதல் தளம். தூங்கிக்கிட்டிருக்கிற போகோப்ளினைப் பின்னால பதுங்கிப் போய்க் குத்தினா எட்டு மடங்கு அடி, இதை எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் பண்ணுங்க. கும்பலா நிக்கிறவங்களுக்கு ஷீக்கா பாம், அது தீரவே தீராது. நல்ல ஆயுதத்தை மேல் தளத்துக்கு மிச்சம் பிடிங்க. தளத்தை விட்டு ஏறுறதுக்கு முன்னாடி பெட்டி, மரத்துப் பழம், அம்புன்னு ஒண்ணு விடாம பொறுக்கிக்கோங்க. ஓய்வுத் தளத்துல சமையல் பானை இருக்கும்.

மூடுபனி_கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றிங்க. மாத்தித்தான் எடுக்கப்போறேன். ட்ரையலும் ஆடணும்னு ஆசை, ஆனா சேவ் இல்லைன்னதும் யோசனையா இருக்கு. ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது. டாக்ல வெச்சு டிவியில்தான் ஆடுறேன். நடுவுல போனா மொத்தமும் போச்சா? டிஎல்சி வாங்குறதுல ஏதாவது பார்க்கணுமா?

கூடலூர்க்காரி:

கரண்ட் போனா டிவிதான் அணையும், கேம் போகாது. ஸ்விட்ச்சுக்குள்ளேயே பேட்டரி இருக்கே. டாக்ல இருந்து உருவி கையில் வெச்சுத் தொடருங்க. வீ யூவில் ஆடுறவங்களுக்குத்தான் ஆபத்து, அதுல கேம்பேடுக்கு மட்டும்தான் பேட்டரி. பவர் பட்டனைத் தட்டி ஸ்லீப்ல போட்டாலும் ட்ரையல் அப்படியே நிக்கும், காலையில எடுத்து ஆடலாம். ஆனா நடுவுல வேற கேமைத் திறக்காதீங்க. இதை மூடிட்டுத்தான் அதைத் திறக்கும், மூடினா அந்தப் பகுதி முழுக்கப் போச்சு. வீட்ல தம்பி தங்கச்சி இருந்தா முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

பேட்டரி விஷயத்துல மாடலைப் பாருங்க. 2017ல வந்த முதல் ஸ்விட்ச்ல இந்த கேம் சுமார் 3 மணி நேரம் ஓடும், 2019ல மாத்தி விட்டதுல சுமார் 5½ மணி நேரம். மழைக்காலத்துல எப்பவும் டாக்லேயே வெச்சிருந்தா சார்ஜ் முழுசா இருக்கும். அடாப்டர் 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால வெளிநாட்டுல வாங்கினதா இருந்தாலும் பின் மாத்தினா போதும். டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தேவையில்லை.

லவ்டேல்_லிங்க்:

டிஎல்சிக்கு ஒரே எச்சரிக்கை: ரீஜியன். கார்ட்ரிட்ஜ் எந்த ரீஜியனோ அந்த ரீஜியன் ஈஷாப்ல (நின்டெண்டோவோட ஆன்லைன் கடை) வாங்கினாத்தான் ஒட்டும். கார்ட்ரிட்ஜ்ல அச்சடிச்ச கோடோட கடைசி மூணு எழுத்தைப் பாருங்க, அமெரிக்கப் பதிப்புன்னா யு எஸ் ஏ, ஐரோப்பியப் பதிப்புன்னா இ யு ஆர். அங்காடிகள்ல ரெண்டும் கலந்துதான் கிடைக்குது, அதனால வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. ட்ரையலைத் தனியா விக்கிறதில்லை, முழு எக்ஸ்பான்ஷன் பாஸ்தான், அமெரிக்க விலை 19.99 டாலர்.

குன்னூர்_ரயில்:

டூரியன் தப்புக்குப் பரிகாரமா ஒரு தகவல். ஹார்ட்டை எண்ணிப் பார்த்து வாள் தர்ற பழக்கம் இந்த சீரிஸ்ல மாஸ்டர் ஸ்வோர்ட் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. 1986ல வந்த முதல் ஜெல்டாவிலேயே வெள்ளை வாளுக்கு 5 ஹார்ட், மேஜிக்கல் ஸ்வோர்டுக்கு 12 ஹார்ட். மாஸ்டர் ஸ்வோர்ட் முதல்ல தலைகாட்டினது 1991ல, எ லிங்க் டு த பாஸ்ட்ல. அங்கே ஹார்ட் கேட்கல, மூணு பதக்கம் கேட்டாங்க. அதுல காணாமப்போன கொல்லனைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா 10 ரூப்பிக்கு வாளைப் பதம் பண்ணித் தருவாங்க. எனக்கென்னவோ அந்த ஏற்பாடுதான் பிடிச்சிருக்கு, வாள்னா பட்டறைக்குப் போகணும்ல.

தொட்டபெட்டா2637:

இதை முடிச்சுட்டு நேரா டியர்ஸ் ஆஃப் த கிங்டம் ஆடுறதா இருந்தா, 13 ஹார்ட் கணக்கை அங்கே எடுத்துட்டுப் போகாதீங்க. அதுல வாள் காட்டுல இல்லை, வானத்துல சுத்துற லைட் டிராகன் தலையில குத்தியிருக்கும். கேட்கிறதும் ஸ்டாமினா, ரெண்டு முழு வட்டம். ஆரம்பத்துல ஒரு வட்டம், ஒரு தடவை ஏத்தினா அஞ்சில் ஒரு பங்கு, ஆக அஞ்சு தடவை, 20 ஷ்ரைனோட லைட் ஆஃப் பிளெஸ்ஸிங். மஞ்சள் ஸ்டாமினா அங்கேயும் செல்லாது. கொம்புச் சிலை அதுலயும் இருக்கு, லுக்அவுட் லேண்டிங்குக்கு அடியில் போற ரகசியச் சுரங்கத்துல. விலையும் அதே 100, 120.